வெள்ளைப் பட்டை

ஜும்ரான்ஷா போய் ஐந்து வருடமாகிறது. மகாகம் ஆற்றின் முகத்துவாரத்தில், எண்ணெய்க் கிணற்று மிதவைகளில் புது ஆட்கள் வந்துவிட்டார்கள். அவருக்கு உதவியாளாக இருந்த தாஹிருக்கு மட்டும் அந்தக் கண்ணாடிக் கூண்டில் இன்னும் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். காதிடுக்கில் பற்றவைக்காத கிராம்பு சிகரெட், கை லீவரில்.

அந்த லீவர் இயக்குவது, உருளையில் நூல்கண்டு மாதிரி சுற்றிய எஃகுக் குழாயை. மூன்று கிலோமீட்டருக்கு எங்கும் இணைப்பு கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றுக்குள் அதை இறக்கித் தண்ணீர் பாய்ச்சி, அடைத்த மணலைக் கழுவி, மறுபடி சுற்றி எடுப்பார்கள். கிணற்று வாயில் குழாயைக் கவ்வியிருக்கும் ரப்பரைத் தாண்டி நுனி வெளியே வந்தால் வாயு பீறிடும். ஒரு தீப்பொறி போதும்.

நீளம் காட்டும் சக்கரத்தை ஜும்ரான் நம்பமாட்டார். "மெழுகு பட்டா வழுக்கும்டா. அதுவும் என் மச்சினனும் ஒண்ணு."

அதனால் நுனியிலிருந்து முப்பது மீட்டரில் ஒரு வெள்ளைப் பட்டை. அதைத் தீட்டுவது தாஹிரின் வேலை. பட்டை தெரிந்ததும் ஜும்ரான் வேகத்தைக் குறைப்பார்.

ஒரு வாரம், வளைந்து வளைந்து களைத்த நுனியை நாற்பது மீட்டர் வெட்டியிருந்தார்கள். அன்று குழாய் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் தொண்ணூறு மீட்டர் உள்ளே இருப்பதாகச் சக்கரம் காட்டியது. உருளையருகே நின்ற தாஹிரின் கண், மிதவையின் ஓரத்தில் கிடந்த வெட்டுத் துண்டில் விழுந்தது. அதன்மேல் வெள்ளைப் பட்டை.

புதிதாகத் தீட்ட மறந்திருந்தான். சொன்னால் வேலை போகும்.

"அண்ணே, நிறுத்துங்க! பட்டை இல்லண்ணே! நான் தீட்டவே இல்ல!"

லீவர் சட்டென்று பின்னால் போனது. பிறகு நத்தை ஊர்வதுபோல் ஏற்றினார். பதினோரு மீட்டர்கூட ஆகவில்லை, நுனி மேலே ரப்பருக்கு அடியில் டொக்கென்று மெல்ல முட்டி நின்றது. சக்கரம் வழுக்கியிருந்தது. கீழே வால்வை மூடினார்கள்.

இன்ஜின் இரைச்சலில் எதுவும் கேட்காத மேலாளர் ஓடிவந்தார். "நடுவுல ஏன்யா நிறுத்தினே?"

"சிகரெட் கீழ விழுந்துருச்சு சார்" என்றார் ஜும்ரான்.

சாயங்காலம் ஜும்ரான் சோத்தோ சூப்பை உறிஞ்சிக்கொண்டே தாஹிரைப் பார்த்தார். "ஏண்டா, உனக்கு இவ்வளவு பெரிய தொண்டையா? அக்கரையில எம் பொண்டாட்டி கையில இருந்த பாத்திரத்தைப் போட்டிருப்பாடா."

பட்டையைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அன்றும் சரி, சாகும்வரையிலும் சரி.

ஒவ்வொரு வருடமும் நோன்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை, அவருடைய கல்லறைத் தலைமாட்டில் நட்ட மீசான் கட்டைக்குத் தாஹிர் வெள்ளை அடிக்கிறான். மழைக்கு அது சீக்கிரம் மங்கி உரிந்துவிடுகிறது. ஒரு வருடமும் மறந்ததில்லை.