மூச்சு விடும் மலையடியில் மூன்று நிலவறைகள்

நான் எழுதிப் பழகாதவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துப் பிழை இருக்கும். ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றுக்குப் போய்விடுவேன். இப்போது மறதியும் கூடிவிட்டது. சுவிஸில் வின்டர்தூரில் நம் பிள்ளைகள் போடும் ஆண்டு மலருக்கு "பார்த்த இடம் ஒன்றைப் பற்றி எழுதித் தாருங்கோ" என்று கேட்டபோது மாட்டேன் என்றுதான் சொன்னேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். பிறகு யோசித்தேன். இந்தப் பயணத்தைப் பற்றி நான் எழுதினால் பலர் வாசிப்பார்கள். அதில் ஒருவருக்காவது எனக்குத் தேவையான விஷயம் தெரிந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். பொறுத்து வாசியுங்கள்.

1986ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை. என் மூத்த மகன் தவம் இங்கே ஒரு உணவகத்தில் சமையல்கட்டில் வேலை செய்கிறான். திங்கட்கிழமை கடை பூட்டு. அவனுடைய முதலாளியம்மா வருடத்துக்கு ஒருமுறை தெற்கே டிசினோவுக்குப் போய், நிலவறை நிலவறையாக ருசி பார்த்துக் கடைக்கு வைன் வாங்கி வருவார். சுவிஸுக்குள்தான் இருக்கிறது, ஆனால் பாஷை இத்தாலி பாஷை. பெட்டி தூக்கத் தவத்தைக் கூப்பிட்டிருந்தார். "நானும் வரட்டோ?" என்று கேட்டேன். வைன் மணமே பிடிக்காத அம்மா ஏன் கேட்கிறா என்று தவத்துக்குத் தெரியும். போய் முதலாளியம்மாவிடம் கேட்டு வந்தான்.

காரணம் என் இளையவன் குகன். போன வருடம் இதே ஐப்பசியில் இத்தாலியில் கோமோ என்ற ஊரிலிருந்து டெலிபோன் எடுத்தான். "அம்மா, ஒரு மலைதான் இருக்கு. தாண்டினால் சுவிஸ். ரெண்டு நாளில வாறன்" என்றான். அதன் பிறகு அவன் குரலைக் கேட்கவில்லை. அந்த மலைக்கு இந்தப் பக்கத்து அடிவாரம்தான் முதலாளியம்மாவின் வைன் ஊர்.

காலை ஆறு மணிக்கு வான் வண்டியில் ஏறினோம். முதலாளியம்மா பருத்த, கலகலப்பான மனுசி. சிகரெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு தானே ஓட்டினார். சூரிச் தாண்டும்வரை பனிப்புகார் மூடிக் கிடந்தது. முன்னால் போகும் வாகனத்தின் சிவப்பு விளக்கு மட்டும் தெரியும், பிறகு அதுவும் தெரியாது. வழியில் ஓரிடத்தில் கோப்பி குடித்தோம். ஒரு கோப்பி இரண்டு பிராங். ஒன்பது மணி அளவில் கொத்தார்ட் சுரங்கத்துக்குள் நுழைந்தோம். பதினேழு கிலோமீட்டர், மலையின் வயிற்றுக்குள்ளால் போகிற பாதை. மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக முகத்தில் விழுந்து விழுந்து போயின. காது அடைத்தது. ஒரு உயிருள்ள பொருளுக்குள்ளே போவது போல எனக்கு இருந்தது. வெளியே வந்தபோது நல்ல வெயில். அந்தப் பக்கத்துப் புகாரை எல்லாம் மலை தன் முதுகில் தடுத்து வைத்திருந்தது.

பெலின்சோனா, லுகானோ எல்லாம் கடந்து பதினொரு மணிக்கு மென்ட்ரீசியோ. எங்களிடமிருந்து இருநூற்று முப்பது கிலோமீட்டர் என்று முதலாளியம்மா சொன்னார். இத்தாலி எல்லையான கியாசோ இன்னும் கொஞ்சத் தூரம்தான். ஊர் ஓரத்தில் மரப் பந்தல்களில் முந்திரிகைக் கொடிகள், திராட்சை என்பார்களே, அதுதான். பழம் எல்லாம் வெட்டி முடிந்து, இலை சிவந்து போய் நின்றன. ஊரில், கோப்பாயில், எங்கள் கிணற்றடிப் பந்தலில் இவ்வளவு செழிப்பாக ஒருநாளும் காய்த்ததில்லை.

மலையடியில் ஒரு தெரு. அங்கே வீடுகள் இல்லை, நிலவறைகள் மட்டும். முன்னால் ஒரு சுவரும் கதவும். கதவுக்குப் பின்னால் மலை. எங்கேயும் ஆள் சத்தம் இல்லை.

முதல் நிலவறை பெரியது, பெயர் பெற்றது. உள்ளே இரண்டு பக்கமும் ஆள் உயரப் பீப்பாக்கள். முதலாளியம்மா கிளாசை மணந்து, வாயில் விட்டுக் கொப்பளித்து, ஒரு வாளிக்குள் துப்பினார்.

"உதென்னடா, துப்புறா?"

"ருசி பாக்கிறா அம்மா. விழுங்கினால் வான் ஓட்டேலாது."

"துப்புறதுக்கோ இவ்வளவு தூரம் வந்தவ?"

தவம் சிரித்துவிட்டான். என்னவென்று முதலாளியம்மா கேட்க, மொழிபெயர்த்தான். அவரும் சிரித்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

பின்சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். அது மலைக்குள்ளே போகிறதாம், எதுவரை என்று ஒருவருக்கும் தெரியாதாம். கோடையில் அதற்குள்ளிருந்து குளிர்காற்று வெளியே ஊதும், மாரியில் உள்ளே இழுக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் இங்கே நிலவறை கட்டினார்கள். நிலவறைக்காரர் என் கையைப் பிடித்து ஓட்டைக்கு முன்னால் வைத்தார். காற்று வரவும் இல்லை, போகவும் இல்லை.

"இந்த மாசத்தில மலை மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்குமாம்" என்றான் தவம்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் அவன் சேர்ட்டைப் பிடித்தேன். "தம்பி, அந்தாளிட்டைக் கேளன். மலையால இறங்கி வாற பெடியளைக் கண்டவரோ எண்டு."

"அம்மா, விசர்க்கதை கதையாதேங்கோ. என்ர அகதிக் கேசே இன்னும் முடியேல்ல. களவா வந்தவனைத் தேடுறன் எண்டு பொலிசுக் காதில விழுந்தால் என்னையும் பிடிச்சு ஊருக்கு ஏத்திவிடுவாங்கள்."

அவன் சொன்னதும் நியாயம்தான். இருக்கிற பிள்ளையையும் இழக்கவோ? பிடித்த சேர்ட்டை விட்டுவிட்டேன்.

மத்தியானம் பாணும் சீஸும். பிறகு இரண்டாவது நிலவறை. அதை நடத்துபவர் கறுப்புச் சட்டை போட்ட ஒரு கிழவி, என் வயது இருக்கும். புது முந்திரிகைச் சாறு அங்கே பீப்பாவுக்குள் பொங்கிக்கொண்டிருந்தது. கிழவி என்னைக் கிட்டக் கூப்பிட்டுப் பீப்பாவில் காது வைக்கச் சொல்லிக் காட்டினார். வைத்தேன். பூட்டிய கதவுக்குப் பின்னால் பலபேர் நின்று தங்களுக்குள் கதைப்பது போலச் சத்தம். சொல் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் கதைக்கிறார்கள். எவ்வளவு நேரம் காதை எடுக்காமல் நின்றேனோ தெரியாது. தவம் வந்து தோளைத் தொட்டான்.

போகும்போது கிழவி முதலாளியம்மாவிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லி, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்னவாம்?"

"அடுத்த நிலவறைக்குப் பொழுது பட முந்திப் போயிட்டு வரட்டாம். போன வருசம் அங்க ஆரோ சூனியம் வச்சவையாம்" என்றான் தவம். "இவையளும் எங்கட ஆக்களைப் போலத்தான், சூனியம் எண்டால் பயம்."

மூன்றாவது நிலவறை தெருவின் கடைசியில், மரங்களுக்குள் இருந்தது. அதற்கப்பால் மலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. நாங்கள் போகும்போது ஐந்து மணி, வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. வேலையாள் பியேத்ரோ மெலிந்த மனிதர். கதவைத் திறந்தவர் எங்களை உள்ளே விடவில்லை. உள்ளே படிகள் கீழே இறங்கின. நீளத் தடி ஒன்றின் நுனியில் மெழுகுதிரி கொளுத்தி, தடியைப் படி படியாகக் கீழே இறக்கினார்.

காற்று ஒரு சொட்டும் இல்லை. சுடர் ஆடவில்லை. கீழே போகப் போகச் சிறுத்து, ஒரு படியில் அப்படியே அணைந்து நூர்ந்து போனது.

"சிவ சிவா" என்று எனக்கு வாய்விட்டு வந்துவிட்டது. குகனை நினைத்து நான் வீட்டில் ஏற்றும் விளக்கு இந்த ஒரு வருடத்தில் ஒருநாளும் தானாக நூர்ந்ததில்லை. அவனைத் தேடி வந்த இடத்தில் இப்படி ஆகிறதே!

பியேத்ரோ இத்தாலி பாஷையில் சொல்ல, முதலாளியம்மா அதை ஜெர்மனில் சொல்ல, தவம் எனக்குத் தமிழில் சொன்னான். சாறு பொங்கும்போது ஒரு கெட்ட காற்று வருமாம். கண்ணுக்கும் தெரியாது, மணமும் இல்லை. மலை மூச்சு விடாத நாளில் அது வெளியேறாமல் கீழே குளம் போல நிற்கும். இறங்கினவன் விழுந்துவிடுவான். அதனால் முதலில் மெழுகுதிரியை அனுப்புவார்கள். அது நூர்ந்தால் மனிதன் இறங்கமாட்டான்.

"ஆளுக்குப் பதிலா அது சாகுது அம்மா, அவ்வளவுதான்."

எனக்கு மனம் ஆறவில்லை. விளக்கு வைக்கிற நேரம் அது. நூர்ந்த திரியை அப்படியே விட்டுவிட்டு எப்படி நிற்பது? பியேத்ரோ தடியைச் சுவரில் சாத்திவைத்திருந்தார். நான் ஒருவரையும் கேட்கவில்லை. மெழுகுதிரியைக் கழற்றி, மேல் படியில் முந்திரிகை இலை ஒன்றை விரித்து, அதன்மேல் நிறுத்தி, தவத்தின் நெருப்புப்பெட்டியை வாங்கிக் கொளுத்திக் கும்பிட்டேன்.

பியேத்ரோ கத்தினார். திரும்பிப் பார்த்தேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு, என்னை ஒரு பேயைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளியம்மா வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டார். மூன்று வாய் மாறி வந்த கதை இதுதான்.

போன வருடம், இதே மாதம். மாலையில் மெழுகுதிரி கீழ்ப் படியில் நூர்ந்தது. பியேத்ரோ அதை அங்கேயே விட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனார். பூட்டு இல்லை, கொளுக்கி மட்டும். காலையில் வந்தால் கொளுக்கி கழன்று கிடந்தது. படியெல்லாம் நெருப்புக்குச்சிகள். கீழே கிடந்தவை தலை மட்டும் கருகியிருந்தன. மேலே வர வரக் கூடக் கூட எரிந்திருந்தன. மேல் படியில் கிடந்தது அடிவரை எரிந்திருந்தது. அதே மேல் படியில், முந்திரிகை இலையில், மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் களிமண்ணில் ஒரு சின்ன உருண்டை, அதன் தலையில் புல் குத்தியிருந்தது. நிலவறை முதலாளி பாதிரியாரைக் கூட்டிவந்து தண்ணீர் தெளித்தாராம். தனக்குச் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் படுக்கையில் புரளுகிறாராம்.

தவம் கடைசி வசனத்தைச் சொல்லி முடிக்கவில்லை. நான் கொளுத்திய திரியைத் திரும்பிப் பார்த்தான்.

"பிள்ளையாரடா" என்றேன். "எங்கட பெடியன் ஒருத்தன் பிள்ளையார் பிடிச்சு வச்சிருக்கிறான்."

கொளுக்கி போட்ட கதவைக் கண்டு, இரவு தங்கலாம் என்று நுழைந்திருப்பான். நூர்ந்த திரி கிடப்பதைக் கண்டிருப்பான். என்னைப் போலவே மனம் பொறுக்காமல் இறங்கியிருப்பான். கொளுத்தக் கொளுத்த நூர்ந்திருக்கும். கீழேயே நின்று பார்க்காமல் திரியை எடுத்துக்கொண்டு படி ஏறியிருக்கிறான். அதனால் பிழைத்தான்.

அப்போதுதான் தவம் அந்தக் காரியத்தைச் செய்தான். முதலாளியம்மாவின் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னான். தம்பி, கோமோ, டெலிபோன், மலை எல்லாம். பொலிசுக்குப் பயந்தவன் பயத்தை விட்டுவிட்டுக் கதைத்தான். முதலாளியம்மா கேட்டு முடித்து, அவன் கன்னத்தில் கை வைத்து, "முட்டாள், ஏன் முதலே சொல்லேல்ல?" என்று மட்டும் கேட்டாராம்.

பியேத்ரோ ஆளைக் கண்டதில்லை. அன்றிரவு மேலே மலைப் பாதையில் யாரோ இருமும் சத்தம் கேட்டதாம். காலையில் ஈர மண்ணில் காலடி கீழே தண்டவாளப் பக்கம் போயிருந்ததாம். அந்தக் கிழமை முழுக்க ஒருவரையும் பிடித்ததாகவும் கேள்வி இல்லை, ஒருவரையும் செத்துக் கிடக்கக் கண்டதாகவும் கேள்வி இல்லை.

பிறகு அவர் வெளிச்சுவர் மாடம் ஒன்றிலிருந்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்தார். எறியப் பயந்து வைத்திருந்தாராம். காய்ந்து கல்லாகிவிட்ட பிள்ளையார். வயிற்றில் பெருவிரல் அமத்திய பள்ளம். அந்தப் பள்ளத்துக்குக் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு.

குகன் சின்ன வயதில் புகையிலை நறுக்கும் கத்தியில் கை வைத்தான். பெருவிரலில் குறுக்காக வெட்டு. தழும்பு மாறவே இல்லை.

"தவம், பாரடா."

அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "அம்மா, அது காயேக்க வெடிச்ச வெடிப்பு. அவனுக்கு வெட்டினது பெருவிரலில்லை, சுட்டுவிரல்."

"பெருவிரல்தான்ரா. நானெல்லோ மஞ்சள் வச்சுக் கட்டினனான்."

"சுட்டுவிரலம்மா. பேனை பிடிக்கேலாமல் ஒரு மாசம் பள்ளிக்கூடம் போகேல்ல."

பேனை பிடிக்கப் பெருவிரலும் வேண்டும்தானே. ஆனால் அவன் அவ்வளவு உறுதியாகச் சொன்னதும் எனக்கு என் நினைவில் நம்பிக்கை போய்விட்டது. கண்ணை மூடி, அந்தக் கையைப் பிடித்து மஞ்சள் வைத்ததை நினைத்துப் பார்த்தேன். அழுகைச் சத்தம் கேட்டது. இரத்தம் தெரிந்தது. விரல் தெரியவில்லை.

பிள்ளையாரைக் கொண்டுபோகச் சொல்லிப் பியேத்ரோ நீட்டினார். நான் வாங்கவில்லை. மாடத்திலேயே திரும்ப வைத்து, புதுப் புல் ஒன்று குத்திவிட்டேன். இன்னொரு பிள்ளை அந்த மலையால் இறங்கி வந்தால், தனக்கு முன்னால் நம் ஆள் ஒருவன் வந்திருக்கிறான் என்று கண்டுகொள்ளட்டும். இந்தப் பிள்ளையார் என்ன சாப்பிடுவார் என்று பியேத்ரோ கேட்டார். மோதகம் என்று சொன்னால் மூன்று வாய்க்கும் வேலை. இனிப்பு என்று சொல்லச் சொன்னேன். உள்ளே போய் முந்திரிகைப் பழம் ஒரு கொத்துக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். நாங்கள் புறப்படும்போது, கதவுப் பக்கத்தில் அங்கேயும் இருந்த மலை ஓட்டையில் கை வைத்துப் பார்த்து முதலாளியம்மாவிடம் ஏதோ சொன்னார். குளிர் தொடங்குகிறது, மலை உள்ளே இழுக்கத் தொடங்கிவிட்டது என்றாராம்.

திரும்பும் வழி முழுக்க வானின் பின்பக்கத்தில் போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன.

மலையின் பெயரை ஜெனரோசோ என்று தவம் எழுதித் தந்தான். தூரமும் ஊர்ப் பெயர்களும் பிழை என்றால் தெரிந்தவர்கள் திருத்திவிடுங்கள், குறை நினைக்கமாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் சரிபார்த்துத் தாருங்கள். கோப்பாயில் குகனோடு படித்தவர்கள், விளையாடியவர்கள், வழியில் அவனோடு வந்தவர்கள் இதை வாசித்தால் நினைத்துப் பாருங்கள். வெட்டுத் தழும்பு அவனுக்குப் பெருவிரலிலா, சுட்டுவிரலிலா? அல்லது போன வருட ஐப்பசியில் அந்த மேல் படியில் திரி கொளுத்தியது நீங்கள்தான் என்றால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நான் கோபிக்கமாட்டேன் தம்பி. நீங்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. உங்கள் அம்மாவுக்கு ஒரு டெலிபோன் எடுத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.