சமரசம் விட்ட சவால்

வாயில் திருப்புளியைக் கடித்துக்கொண்டேதான் பேசுவார் சமரசம். திறந்து கிடக்கும் கேம் கன்சோலின் விசிறியில் அப்பிய தூசியை பிரஷ்ஷால் தட்டியபடி, வந்தவர் காதில் போட்டே தீருவார்: "இன்னும் பத்தே வருஷம் பாருங்க, பொட்டின்னு ஒண்ணே இருக்காது. டிவியில ஆடலாம், போன்ல ஆடலாம். யாரு வேணா யாருகூட வேணா ஆடலாம்." அப்புறம் உங்கள் ரிப்பேர் கடை என்னாகும் என்று கேட்டால் அசரமாட்டார். "உலகத்துல தூசி இருக்குல்ல? நானும் இருப்பேன்."

எல்லாக் கன்சோலும் ஒருநாள் ராசியாகிவிடும் என்று ஓயாமல் ஓதுவதால் தெருவே அவரைச் 'சமரசம்' என்றுதான் கூப்பிடுகிறது. அவர் வீட்டில் மட்டும் சமரசம் எட்டிப் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் ஒரு கம்பெனியின் கன்சோல், மனைவியிடம் எதிர்க் கம்பெனியின் கன்சோல். யார் விட்டுக்கொடுப்பது? ஒரே கூடத்தில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு டிவி, நடுவில் முதுகோடு முதுகாக இரண்டு நாற்காலி. இருவரும் ஆடுவது ஒரே கார் பந்தயம்தான். ஆனால் இந்தக் கன்சோல்காரர் அந்தக் கன்சோல்காரரோடு மோத வழியே கிடையாது.

அதனால் ஏழு வருஷமாக வாய்ச்சண்டை மட்டும். மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். "ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிறுத்திப் பழகுனவ அவ. என்னை எங்க முந்துறது? தோத்தா கடை வாசல்ல நின்னு 'அவதான் கில்லாடி'ன்னு கத்துறேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அளந்துவிடுவார். "தொண்டையைப் பத்திரமா வச்சுக்கோங்க" என்பார் அந்த அம்மாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த விளையாட்டுக்குப் புது அப்டேட் வந்தது. இனி எந்தக் கன்சோலில் இருந்தாலும் ஒரே பந்தயத்தில் ஓடலாம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். மனைவியின் சிவப்புக் காரைத் தன் திரையில் கண்டதும், "வந்துட்டா, வந்துட்டா!" என்று நாற்காலியிலேயே குதித்தார்.

கடைசிச் சுற்றுவரை அவர்தான் முன்னால். முடிவுக்கோடுகூடக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் மனைவி, யாருமே சீண்டாத ஹாரன் பொத்தானை, பேருந்து ஓட்டுகிற பழக்கத்தில் விடாமல் அழுத்தினார். சமரசம் இருபது வருஷமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறவர். பின்னால் ஹாரன் கேட்டதும் யோசிக்கவேயில்லை, மரியாதையாக ஓரம் ஒதுங்கி வழிவிட்டார்.

"அடிப்பாவி! ஹாரன் அடிச்சு ஏமாத்திட்டியே!"

"ஐயோ, உங்களை யாருங்க ஒதுங்கச் சொன்னது?" சிரித்துச் சிரித்து அந்த அம்மாளுக்கு விக்கலே வந்துவிட்டது. சமரசத்துக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஏழு வருஷமாக முதுகுக்குப் பின்னால் ஓடிய கார் இன்று கண்ணெதிரே ஓடியதே! அந்தச் சந்தோஷத்தில் இன்னும் ஒன்பது பந்தயம் ஓடினார்கள். ஆனாலும் சவால் சவால்தானே?

மறுநாள் காலை கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். "என்ன சமரசம், யாரு ஜெயிச்சது?"

"அது வந்து... நெட்டு கொஞ்சம் மெதுவா இருந்துச்சு..." என்று மழுப்பத் தொடங்கினார். அதற்குள் தெருவில் மனைவியின் பேருந்து வந்துவிட்டது. கடையைத் தாண்டும்போது நீளமாக ஒரு ஹாரன். சமரசம் ஸ்டூலோடு சேர்ந்து சட்டென்று ஓரமாக ஒதுங்கினார்.

நாலு பேரும் விழித்தார்கள். அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமியபடி கடை வாசலுக்கு நடந்தார்.