அந்தோணி அண்ணன் என்ன சொல்றாரு?

பிலோமிக்குக் கைக்கடிகாரம் என்றாலே ஆகாது. கல்யாணத்துக்கு முன்பு ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் கேரட் கழுவுகிற இடத்தில் வேலை பார்த்தவள். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீரில் ஊறுகிற கைக்கு வளையலே பாரம், இதில் வாட்ச் வேறா என்பாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் வாட்ச் பைத்தியம் பிடித்த புருஷன் வாய்த்தார்.

மரியஅந்தோணிக்கு அருவங்காட்டுத் தொழிற்சாலையில் வெடிமருந்துப் பகுதியில் வேலை. தீப்பெட்டி, செல்போன், சாவிக்கொத்து, வாட்ச் எதுவும் உள்ளே போகக் கூடாது. பகலெல்லாம் வெறுங்கையோடு இருந்துவிட்டு, குவார்ட்டர்ஸுக்கு வந்து முகம் கழுவியதும் பீரோவைத் திறந்து ஒரு வாட்சை எடுத்துக் கட்டிக்கொள்வார். அதற்கப்புறம் டீ குடிப்பது, செய்தி பார்ப்பது, சாப்பிட்டுவிட்டுப் படுப்பது, இவ்வளவுதான் ஜோலி. அதற்கு ஒரு வாட்ச். அதிலும் கடலில் மூழ்குகிறவர்கள் கட்டுகிற தடித்த ரகத்தின் மேல்தான் ஆசை. கடலை அவர் பார்த்ததே வேளாங்கண்ணியில்தான். முழங்காலுக்கு மேல் இறங்கவில்லை.

"குளிக்கறதுக்கே சுடுதண்ணி ரெடியான்னு மூணு தடவ கேக்கற ஆளு. உங்களுக்குக் கடலுக்கடியில போற வாட்ச் எதுக்குங்க?" என்பாள் பிலோமி, பூண்டு உரித்துக்கொண்டே.

அவர் காதில் விழாத மாதிரி வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் அவர் பேசுவது உப்பு, வெந்நீர், கரண்ட் பில் அளவில்தான். பேச்செல்லாம் செல்போனில் இருந்த 'மணிக்கட்டு' குரூப்புக்குப் போய்விடும். பழைய வாட்ச் ஒன்றை வாங்கப் போன இடத்தில் மேட்டுப்பாளையத்துப் பாத்திரக்கடைக்காரர் கதிர் பழக்கமாகி, அவர்தான் இவரை அதில் சேர்த்துவிட்டார். அதில் கோயம்புத்தூரில் ஓய்வு பெற்ற கல்லூரி வாத்தியார் பாலசுப்பிரமணியம், பாதி மலையாளம் பேசுகிற கூடலூர் விமல், இன்னும் சிலர் இருந்தார்கள். ஒருவரையொருவர் நேரில் பார்த்தது குறைவு.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது நல்ல வாட்ச் ஒன்று வாங்கினால் அது எல்லார் கையையும் சுற்றி வரும். கூரியரில் போடக் கூடாது. இன்னார் கையிலிருந்து இன்னார் கைக்கு. கைக்கு வந்து சேர்ந்தவர் சில நாள் கட்டிப் பார்த்து, எப்படி இருந்தது என்று குரல் பதிவு போட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். வாழ்நாளில் வாங்க முடியாத வாட்சுகளை மரியஅந்தோணி அப்படித்தான் கட்டினார். கட்டி, யோசித்து, பின்கட்டில் நின்று தணிந்த குரலில் பேசிப் பதிவு பண்ணுவார். என்ன பேசுகிறார் என்று பிலோமி கேட்டதில்லை. எவளோ ஒருத்தியிடம் பேசுகிற மாதிரி அப்படி என்ன குழைவு என்று மட்டும் எரிச்சல் வரும்.

பொங்கல் வாரத்தில், வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை.

அடக்கத்துக்குக் குவார்ட்டர்ஸ் முழுக்க வந்தது. கோயில் பங்கு மக்கள் வந்தார்கள், தொழிற்சாலையிலிருந்து வந்தார்கள். திருப்பூரில் டீச்சராக இருக்கும் மகள் பிரிஸில்லா முப்பதாம் நாள் பூசை வரை கூட இருந்துவிட்டுப் போனாள். குரூப்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. முதலில் அது மறதி. பிறகு ஒரு நாள் அவருடைய செல்போனைச் சார்ஜில் போடும்போது, "அண்ணா, ஆளையே காணோம்? சௌக்கியந்தானுங்களே?" என்று ஒரு செய்தி கிடந்தது. பிலோமி கட்டைவிரல் படத்தை அழுத்தினாள். மகள் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் அது மறதி இல்லை. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் எல்லோரும் "நல்ல மனுசனா இருந்தாரு" என்றார்கள். இந்தச் செல்போனுக்குள் மட்டும்தான் அவர் இன்னும் இருந்தார். "அண்ணன் பிஸி போல" என்று குரூப்பில் சொன்னார்கள். "ரிடையர் ஆகறதுக்குள்ள மனுசனப் புழிஞ்சு எடுக்கறாங்க" என்றார்கள். அதைக் கேட்டுவிட்டு அரிசி களைந்தால் வீடு கொஞ்சம் தாங்கும்படி இருந்தது. சொல்லிவிட்டால் அங்கேயும் செத்துப்போவார்.

இந்த நேரத்தில்தான் கதிர் ஒரு புது வாட்ச் வாங்கினார். ஸ்விட்சர்லாந்துச் சரக்கு, கடலில் மூழ்குகிறவர்களுக்கான ரகம், அந்த வருஷம்தான் வெளிவந்தது. குரூப் பற்றிக்கொண்டது. வாத்தியார் கட்டிப் பார்த்தார், விமல் கட்டிப் பார்த்தார். பிறகு கதிரிடமிருந்து, "அண்ணா, அடுத்தது உங்க கைக்குத்தான். ஞாயித்துக்கெழம ஊட்டிக்கு ஒரு கல்யாணத்துக்கு வர்றேன், குடுத்துட்டுப் போறேன். சரிங்களா?" என்று வந்தது. பிலோமி எப்போதும்போலக் கட்டைவிரலை அழுத்தினாள். எதற்கு அழுத்தினோம் என்று ஞாயிற்றுக்கிழமை கதிரின் போன் வந்தபோதுதான் உறைத்தது.

"அக்காங்களா? அண்ணன் இல்லைங்களா?"

"இல்லைங்க..."

"ஞாயித்துக்கெழமையும் டூட்டியா! சரிங்கக்கா, ரோட்டுப் பக்கம் கொஞ்சம் வந்துருங்க. முகூர்த்தத்துக்கு லேட்டாயிருச்சு, ஊட்டுக்காரி மொறைக்கறா."

பிலோமி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஓடினாள். சொல்லிவிடத்தான் ஓடினாள். கார் ரோட்டோரம் நின்றிருந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கதிர் கண்ணாடியை இறக்கி ஒரு சின்னப் பையை நீட்டினார்.

"தம்பி, ஒரு நிமிசங்க, அவரு..."

"ஒண்ணும் அவசரமில்லைன்னு சொல்லுங்கக்கா. எத்தன நாள் வேணாலும் கட்டட்டும். அண்ணன் என்ன சொல்றாருன்னுதான் எல்லாரும் காத்துட்டிருக்கறோம்."

பஸ்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, ரோட்ட வெலைக்கு வாங்கிட்டீங்களா?" என்று கத்தினார். கார் கிளம்பிவிட்டது. பிலோமி பையோடு நின்றாள்.

சாயங்காலம் பிரிஸில்லா போனில் கேட்டுவிட்டுக் கத்தினாள். "அம்மா, உனக்கென்ன புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அது ஒரு கார் வெல இருக்கும்மா! அப்பா பேர வெச்சு வாங்கி வெச்சிருக்கற. நாளைக்கு யாராச்சும் என்ன சொல்லுவாங்க?"

"நான் கேட்டா வாங்குனேன்?"

"கேக்கலதான். ரெண்டு நாளைக்குள்ள நீ சொல்லிரு. இல்லீன்னா நான் சொல்றேன்."

இதற்கு முன் பிலோமி குரூப்பில் எழுத்தை மட்டும் பார்ப்பாள். அன்றைக்குத்தான் குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டாள். எப்படிச் சொல்வது என்று தெரிந்துகொள்ள, அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பார்க்க நினைத்தாள்.

"எடுத்தவுடனே கனந்தானுங்க தெரியுது," என்றது கதிரின் குரல். "கல்லாவுல உக்காந்து கைய மேசை மேல வெச்சா, 'டொக்'குனு சத்தம். கடன் கேக்க வந்தவன் திரும்பிப் போயிட்டானுங்க!"

வாத்தியார் நிதானமாகப் பேசினார். "டயல் நீலம்னு சொல்றாங்க. எனக்கு நீலமாத் தெரியலை. வெயில்ல பார்த்தா ஒண்ணு, ட்யூப் லைட்ல பார்த்தா ஒண்ணு. டயலைச் சுத்தி இருக்கற வளையத்தைத் திருப்பினா வர்ற சத்தம் இருக்கே, அதுக்காகவே பத்துத் தடவை திருப்பினேன். ஆனா முழுக்கை சட்டைக்குள்ள போக மாட்டேங்குது. இதைக் கட்டிக்கிட்டு ஒருத்தன் மரியாதையா ஒரு வீட்டுக்குப் போக முடியாது."

விமல் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "சாதனம் கொள்ளாம், நல்ல சரக்குதான். இருட்டுல அந்தப் பச்சை வெளிச்சம் ஒரு ரெண்டு பேருக்கு வழி காட்டும். பட்சே, மனசுல ஒட்டலை. அந்தோணி சேட்டன் பறயட்டும், அப்பறம் பாக்காம்."

ஒவ்வொருவரும் அங்கேதான் வந்து முடித்தார்கள். அந்தோணி அண்ணன் என்ன சொல்றாரு? அவர் அப்படி என்னதான் சொல்லியிருப்பார் என்று பிலோமி மேலே தள்ளிக்கொண்டே போய் அவருடைய பழைய பதிவு ஒன்றைக் கண்டுபிடித்துத் தட்டினாள்.

தொண்டையைச் செருமினார். பின்கட்டில் குழாய் சொட்டுகிற சத்தமும் கேட்டது. பிறகு அந்தக் குழைந்த குரல்: "வாட்ச் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா குளிக்கறதுக்கே சுடுதண்ணி ரெடியான்னு மூணு தடவ கேக்கற ஆளுக்கு, கடலுக்கடியில போற வாட்ச் எதுக்குங்க?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள்.

அடுத்ததைத் தட்டினாள். "இது மாப்பிள்ளை முறுக்குப் பண்றவன் கட்டற வாட்சுங்க." அது அவள் இட்லிமாவு கரைக்கும்போது சொன்னது. இன்னொன்று: "இதுக்குள்ள ஏழெட்டு முள்ளு ஓடுது. ஒண்ணாவது எப்ப சோறு திங்க வரணும்னு காட்டுதா?" அதுவும் அவளுடையதுதான். குரூப் விழுந்து விழுந்து சிரித்திருந்தது. "அண்ணன் ஒரு வரியில முடிச்சிருவாரு" என்று வாத்தியார் எழுதியிருந்தார்.

"அடத் திருட்டு மனுசா," என்றாள் பிலோமி, வாய்விட்டு.

காதே கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்து, ஒன்று விடாமல் பொறுக்கியிருக்கிறார். ஒரு தடவையாவது முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். இதை வைத்து ஒரு வாரம் அவரோடு சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட ஆள் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை.

மறுநாள் பையைப் பிரித்து வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அவள் கைக்கு அது சுற்றிச் சுற்றி வந்தது. கதிர் சொன்ன கனம், வாத்தியார் சொன்ன நிறம், எல்லாம் இருந்தன. வளையத்தைத் திருப்பிப் பார்த்தாள். பூண்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் பேரில் ஒரு வரி சொல்லிவிட்டு, வாட்சையும் திருப்பிக் கொடுத்துவிட்டால், இன்னும் கொஞ்ச நாள் அவர் அங்கே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஓர் எண்ணம். கட்டைவிரல் பழகினவளுக்கு எழுதத் தெரியாமல் போகாது. ஆனால் ஒரு வரியும் வரவில்லை. எதிர் நாற்காலியையும் வாட்சையும் மாறி மாறிப் பார்த்தாள். பூண்டு உரிந்துகொண்டே இருந்தது.

கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு குரல் பதிவை அழுத்தினாள். "நான் பிலோமி பேசறேனுங்க. அந்தோணி ஊட்டுல. அவரு பொங்கலப்பவே போயிட்டாருங்க. சொல்லாம இருந்தது என் தப்பு. வாட்ச் பத்திரமா இருக்குது."

சாயங்காலமே கதிர் வந்துவிட்டார். மரியஅந்தோணியின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நான் ஒரு நிமிசம் எறங்கியிருக்கோணுங்கக்கா."

"பஸ்காரன் விட்டானா? விடுங்க தம்பி. டீயக் குடிங்க, ஆறுது."

வாட்சை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைக் கட்டிக்கொள்ளவில்லை, பையிலும் போடவில்லை. "நீங்க கட்டிப் பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சுங்க?"

"ஒண்ணும் தோணலைங்க தம்பி. அவரு எதுத்தாப்புல உக்காந்திருந்தா ஏதாச்சும் வாயில வந்திருக்கும்."

கதிருக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அண்ணன் நம்பர் குரூப்புல அப்படியே இருக்கட்டுமுங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க," என்றார்.

"வேண்டாமுங்க. எடுத்துருங்க."

"இருந்தா என்னங்கக்கா?"

"இருந்தா நீங்கெல்லாம் பேசறத நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

"சரி, ஊட்டுக்குப் போயி..."

"இங்கயே பண்ணிருங்க தம்பி. அப்பறம் உங்களுக்கு மனசு வராது."

கதிர் தன் செல்போனை எடுத்தார். எங்கே தட்டுவது என்று தெரியாதவர்போலத் தேடினார். ஒரு தடவை தவறாகத் தட்டிவிட்டுத் திரும்ப வந்தார். மரியஅந்தோணியின் செல்போன் பிலோமியின் மடியில் இருந்தது. திரையின் அடியில், நீங்கள் நீக்கப்பட்டீர்கள் என்று ஒரு வரி வந்து நின்றது.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"இவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்கக்கா," என்றார் கதிர்.