வாசலில் கழற்றிய ஷூக்கள்

எனக்கு ஃப்யூஸ் போடத் தெரியாது. வீட்டில் கரண்ட் போனால் முதலில் பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பேன். அங்கேயும் இருட்டாக இருந்தால் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவேன். இப்படிப்பட்ட என்னை, கிருமாம்பாக்கத்துக்கு அருகே இளைஞர்களுக்கு எலக்ட்ரீஷியன் வேலை கற்றுத்தரும் பயிற்சி மையத்தில் வாரம் இரண்டு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். வயரிங் இல்லை, 'ஆளுமைத் திறன்'. பத்திரிகையில் நாலு கட்டுரை எழுதியவனுக்கு ஆளுமை இருக்கும் என்று யாரோ நம்பிவிட்டார்கள்.

முதல் பேட்ச்சில் பன்னிரண்டு பேர். அதில் ஒரு பெண், கடலூரில் துணிக்கடையில் இரண்டு வருடம் நின்றவள். வேலை செய்தவள் என்று எழுதாமல் நின்றவள் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு: அங்கே காலை முதல் இரவு வரை உட்காரக் கூடாது. ஆறு மாதப் பயிற்சிக்காக அதை விட்டுவிட்டு வந்திருந்தாள். "வேல கெடைக்கலன்னா மறுபடி கடைக்கே போயிடணும்" என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மையத்தில் கொடுத்த பாதுகாப்பு ஷூதான் அவள் போட்ட முதல் ஷூ. அதைத் தினமும் துடைத்து வைப்பாள்.

ஷூ இல்லாமல் கரண்ட் பேனல் பக்கம் போனால் தொலைத்துவிடுவேன் என்று வயரிங் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். மிஷின் இருக்கிற இடத்தைக் கோயிலாக நினைக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டும் ஒரே நாளில் மோதும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

திருவாண்டார்கோயில் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள். தைரியம் சொல்ல நானும் வேனில் ஏறிக்கொண்டேன். மோட்டார் அறையில் செய்முறைத் தேர்வு. அந்த அறையின் வாசலுக்கு மேலே பெரிய சாமி படம், மாலை, சிவப்பு சீரியல் பல்பு. கதவு நிலையில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும். முதலில் போனவன் நான். யோசிக்காமல் செருப்பைக் கழற்றினேன். பின்னால் வந்த பன்னிரண்டு பேரும் ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

மேனேஜர் வந்தார். தரையைப் பார்த்தார்.

"இன்னாய்யா இது? வெறுங்கால்ல பேனல்ல கை வெக்கப் போறீங்களா? யாரு ஒங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?"

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அந்த நாகரிகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. ஒருவன் மட்டும் முணுமுணுத்தான்: "ஆளுமைத் திறன், சார்."

மேனேஜர் என் காலையும் பார்த்தார். "எல்லாம் கெளம்புங்க. அடுத்த பேட்ச்சுல பாக்கலாம்."

துணிக்கடையில் நின்றவளுக்கு அடுத்த பேட்ச் கிடையாது. விறுவிறுவென வெளியே போனாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஷூவை மாட்டி, லேஸைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"சார், கழட்டுனது எங்க தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். தெனம் இந்த ரூமுக்கு வர்றவங்க இன்னா பண்றாங்க?"

மூலையில் ஒரு ஊழியர் மோட்டாருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவர் காலைப் பார்த்தோம். வெறுங்கால்.

"இன்னாண்ணே, நீயுமா?" என்றார் மேனேஜர்.

"சாமி படம் கீதே சார், எப்டி ஷூவோட பூந்து வர்றது?"

அவள் விடவில்லை. "படத்த மெயின் கேட்டாண்ட மாட்டிடுங்க சார். வரும்போதே கும்புட்டுட்டு வந்துடுவாங்க. இங்க இருந்தா எங்க ஊருல எவனும் ஷூவோட உள்ள வரமாட்டான்."

மேனேஜர் வாசலுக்குப் போய்ப் படத்தை நிமிர்ந்து பார்த்தார். "போங்க, எல்லாரும் ஷூ போட்டுட்டு வாங்க" என்றார்.

அவள் டெஸ்டரால் இரண்டு முறை கரண்ட் இல்லை என்று பார்த்த பிறகே ஸ்டார்டரில் கை வைத்தாள். இணைப்பு கொடுத்து பொத்தானை அழுத்தியதும் மோட்டார் சீராக ஓடியது. நான் எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்ததால் சத்தத்தை வைத்துச் சொல்கிறேன். அன்றைக்கு வேலை கிடைத்தவர்களில் அவளும் ஒருத்தி.

அந்த மையத்தைப் பற்றி யார் கேட்டாலும் பெருமையடித்துக்கொள்வேன். அதில் உங்கள் பங்கு என்ன என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன மாதம் புது பேட்ச்சோடு அந்தத் தொழிற்சாலைக்குப் போனேன். சாமி, கேட்டுக்கு இடம் மாறி வசதியாக இருக்கிறார். மோட்டார் அறை இப்போது அவள் பொறுப்பில். என் செருப்புக் கால் நிலையைத் தாண்டுவதற்குள் குரல் வந்தது.

"சார், அங்கயே நில்லுங்க!"

அலமாரியிலிருந்து ஒரு ஜோடி ஷூவை எடுத்து வந்தாள். "வர்றவங்களுக்கு வெச்சிருக்கோம். முக்கியமா ஒங்களுக்கு."

ஒரு சைஸ் பெரிது. மாட்டிக்கொண்டு டொக்டொக்கென்று உள்ளே போனேன். அவள் ஒவ்வொரு பேனலாகக் காட்டி விளக்கினாள். புதுப் பிள்ளைகள் வாய் மூடிக் கேட்டார்கள். என் வகுப்பில் அப்படி யாரும் கேட்டதில்லை. பிறகு பேனலுக்கு எதிரே இருந்த தன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மீட்டர் அளவுகளை நோட்டில் எழுத ஆரம்பித்தாள்.

நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.