240-உம், பக்கத்து சீட் தேவகியும்

பட்டுப்புடவைக்கு டிசைன் போடும் எங்கள் தொழிலில் பிள்ளையாருக்கு அடுத்தபடி கும்பிட வேண்டியது 240 என்ற எண்ணை. தறிக்கு மேலே இருந்து இழைகளைத் தூக்கிப் பூ விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியில் 240 கொக்கிகள். கம்ப்யூட்டரில் நாங்கள் போடும் டிசைனும் 240 கட்டம் அகலம். ஒரு பூவின் அகலம் 240-ஐ மீதியில்லாமல் வகுக்க வேண்டும். வகுக்காவிட்டால் மானம் போகும். பக்கத்து சீட்டில் தன்னைவிடக் கெட்டிக்காரர் வந்து உட்காரப் பெற்ற பாவப்பட்டவர்களே, இது உங்களுக்காக.

இருபது

பதினோரு வருஷம் ஆரணியில் ஒரு பட்டுக்கடைக்கு நான் ஒருவன்தான் டிசைனர். பிறகு சந்தவாசலிலிருந்து தேவகி வந்தாள். எந்தெந்த அகலம் 240-ல் சரியாக உட்காரும் என்று முதலாளி கேட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் இருபது எண்களைச் சொன்னாள். 240-க்குக் கீழே வேறெந்த எண்ணையும் இத்தனை எண்கள் வகுக்காது என்று கொசுறு வேறு.

எனக்கு வயிறு எரிந்தது. அதே இருபதையும் ஒரு சீட்டில் எழுதி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்துத்தான் நான் காலத்தை ஓட்டினேன். முதலாளி அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டார். "அத்த எடுத்துட்டு அங்க டீ கிளாஸ வெய்ப்பா."

இருபத்தெட்டு

அவள் 24 கட்டத்தில் ஒரு கிளி போட்டாள். பத்துக் கிளிகள் கச்சிதமாக வரிசையில் நின்றன. கடையே மெச்சியது. விடுவேனா? அவள் கிளியைவிடப் பெரிதாக, 28 கட்டத்தில் ஒரு அன்னம் வரைந்து, வகுத்துக்கூடப் பார்க்காமல் தறிக்கு அனுப்பினேன். எட்டு அன்னம் போக 16 கட்டம் மிஞ்சியது. ஒன்பதாவது அன்னத்துக்கு அவ்வளவுதான் இடம்.

நெசவுக்காரர் முனுசாமி புடவையைக் கடை நடுவிலேயே விரித்தார். "அன்னம் பாதி ஒடம்போட நின்னுகினு இருக்குதுங்க. மீதி பக்கத்து வூட்டுப் பொடவையில கீதா?"

239

முதலாளி பொறுமை இழந்தார். ஆளுக்கொரு கல்யாணப் புடவை டிசைன் போடுங்கள், ஆர்டர் கொடுத்த பெண் வீட்டார் யாருடையதை எடுக்கிறார்களோ அவருக்குத்தான் இனி முகூர்த்த வேலை என்றார். பதினோரு வருஷமாக அது என் வேலை. அது போனால் நான் கைக்குட்டைக்குப் பூ போட வேண்டியதுதான்.

ஒரு வாரம் உயிரைக் கொடுத்து, 16 கட்டத்தில் ஒரு மாங்காயாகப் பதினைந்து மாங்காய் போட்டேன். கை என் கீபோர்டில், கண் அவள் திரையில். சனிக்கிழமை, டிசைனை ஜக்கார்டு அட்டையில் ஓட்டைகளாக அடிக்கக் கொடுத்தோம். மாதிரிப் புடவைகள் வந்ததும் பெண் வீட்டார் என்னுடையதைத்தான் எடுத்தார்கள்!

மறுநாள் ஒரு கிலோ மைசூர்பாக் வாங்கிப்போய், முதல் துண்டை அவளிடம்தான் நீட்டினேன். அவள் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அவள் சிரித்துக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "அட்டைக்குப் போறதுக்கு மின்ன ஒங்க டிசைன எண்ணிப் பாத்தேண்ணா, 239 கட்டந்தான் இருந்துச்சி. அத எதாலயும் வகுக்க முடியாதே! என் பக்கம் எட்டி எட்டிப் பாத்துகினே போட்டீங்களா, கடைசி மாங்காயில ஒரு கோடு பூட்ச்சி. நானே சேத்துட்டேன்."

239-க்கும் 240-க்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான், அந்த ஒன்றையும் அவள்தான் போட்டாள் என்பதால் இப்போது எனக்கு நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட வழியில்லை.