பெட்டியில் வைக்காத கோட்டு

சென்ற ஜனவரியில் சிங்கப்பூரில் நான்கு நாள் விடாத மழை. வெப்பநிலை இருபத்திரண்டு டிகிரிக்கு இறங்கியதும் செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கே குதூகலித்தது. லிஃப்டில் எல்லாரும் ஸ்வெட்டர். நான் மட்டும் சும்மா இருப்பேனா? காலுறையும் போர்வையுமாக உட்கார்ந்து ஒரு படம் எடுத்து, "இங்கயும் ஸ்நோ கொட்டும்போல லா" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன்.

அமெரிக்காவின் தெற்குப் பக்கம் படிக்கப் போயிருந்த மகளிடமிருந்து உடனே பதில் வந்தது. "இங்க நெஜமாவே ஸ்நோ வரலாம்னு சொல்றாங்கம்மா. கரண்ட் போயி ஹீட்டர் ஓடல. பெட்டிய இன்னும் முழுசா பிரிக்கல, அத்தையோட கோட்ட எதுல வச்சீங்க?"

போர்வையை உதறிவிட்டு எழுந்தேன்.

எங்கள் சொந்தத்தில் குளிர்கோட்டு என்று ஒன்றுதான் உண்டு. என் நாத்தனாருடையது. யார் குளிர்தேசம் போனாலும் அதை வாங்கிப் போய், வந்ததும் சலவை செய்து திருப்பிக் கொடுப்போம். ஆகஸ்டில் மகள் கிளம்பியபோது அவள் முறை. பெட்டி அடுக்கியது நான். அந்த வேலையில் வேறு யாரையும் கைவைக்க விடமாட்டேன். எடை கூடிப்போயிற்று. தேக்கா சந்தையில் வாங்கிய மீன்குழம்புத் தூள் மட்டும் மூன்று கிலோ. கோட்டா, தூளா? பிறந்ததிலிருந்து வெயிலைத் தவிர வேறொன்றும் அறியாத நான், 'தெற்குன்னா நம்ம ஊரு மாதிரிதானே' என்று தீர்ப்புச் சொல்லி, கோட்டை உருவி ஸ்டோர் ரூமில் அரிசி வாளிக்குப் பின்னால் செருகினேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பெரிய பெட்டியில அடியில பாரு" என்று எழுதினேன். நாத்தனார் காதுக்குப் போனால் என் மானம் கப்பலேறுமே என்ற பயம். பிள்ளை அங்கே விறைத்துக்கொண்டிருக்க, எனக்கு என் பவிசு பெரிதாகப் போயிற்று. சீ!

அரைமணி கழித்து வீடியோவில் கூப்பிட்டாள். நான்கு டி-சட்டை, மேலே குளிக்கிற துண்டு, தலையில் அந்தக் கோட்டின் தொப்பி மட்டும். கழற்றி மாட்டுகிற தொப்பி. அவசரத்தில் பெட்டியின் பக்கப் பையிலேயே விட்டிருக்கிறேன். அவள் பற்கள் தந்தியடித்தன.

"ரெண்டு பெட்டியையும் கொட்டிப் பாத்துட்டேன்மா. தொப்பிதான் இருக்கு. ஏர்போர்ட்ல யாரோ எடுத்துட்டாங்க போல. நீங்க வைக்காம இருக்கமாட்டீங்களே."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"யாரும் எடுக்கல கண்ணு. நான்தான் எடுத்தேன். மீன்குழம்புத் தூளுக்கு இடம் பத்தலன்னு எடுத்துட்டேன். இப்ப உன்னைத் தேடச் சொன்னதும் பொய்தான்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலாம். "சரிம்மா, பக்கத்து ரூம் பொண்ணு கனமான போர்வை ஒண்ணு தர்றேன்னு சொன்னா, போய் வாங்கிக்கிறேன்" என்றவள், எழுந்து அலமாரியிலிருந்து எதையோ எடுத்து வந்து திரையில் காட்டினாள். அதே தூள் பொட்டலம். நான் போட்டு அனுப்பிய ரப்பர் பேண்டுகூட அவிழவில்லை.

"இந்த ஹாஸ்டல்ல மீன் சமைக்க விடமாட்டாங்கம்மா. சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லல."