காலையில் சரியாத இமைகள்

வைத்தியர் நோயைக் கண்ணால் கண்டால்தான் நோய் விடுப்பு என்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் அலுவலக விதி. நகல் குமாஸ்தா காதர் பாய்க்கு உடம்பு அசந்த பிறகு, மாலையில்தான் இமைகள் சரியும். வைத்தியர் பார்ப்பதோ காலையில். இருமுறை ‘ஆரோக்கியம்’ என்று எழுதிவிட்டார். இன்னொரு முறை அப்படி எழுதினால் பாய்க்கு வேலை போய்விடும்.

மூன்றாம் பரிசோதனையன்று, காலையிலேயே அவரைக் களைக்க வைக்க, மயிலாப்பூரிலிருந்து ஆஸ்பத்திரி வரை நடத்தியே அழைத்துப் போனேன். வழியெல்லாம் விடுப்பு விதிகளை உரக்கப் படிக்கச் சொன்னேன்.

“இன்னா சாமி, நோவு கொல்றதுக்குள்ள நீ கொன்னுடுவே போலக்கீதே” என்றார். குரல் ஏற்கெனவே குழறியது.

வைத்தியர் முன் இமைகள் விழுந்தன. எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால், வயதானால் சுருங்கிவிட வேண்டிய தைமஸ் சுரப்பியில் கட்டி வளர்ந்திருந்தது. அதற்கும் தசைச் சோர்வுக்கும் உறவுண்டு, எப்படி என்றுதான் தெரியவில்லை என்றார் வைத்தியர்.

அந்த விடுப்பு விதிகள் ஒருவருக்கு உதவி நான் பார்த்தது அப்போதுதான். விடுப்பு உத்தரவோடு போனபோது பாய் தன் வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டத்துக்குப் பானகம் ஊற்றிக்கொண்டிருந்தார், கண்கள் நன்றாகத் திறந்திருக்க. அன்று அறுபத்து மூவர், காலை வேளை.